முதலில் புல், அடுத்து மரம், கடைசியில் மாடு: சிறு பண்ணையில் பழமரம், தீவனப்பயிர், கறவை மாடு இணைப்பதற்கு முழுமையான வழிகாட்டி

சிறு நிலத்தில் பழத்தோட்டமும் கறவை மாடும் சேர்ந்து இருந்தால் ஒன்றின் கழிவு மற்றதற்கு உணவு என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் தொடங்குகிற வரிசை தவறினால் அந்த உண்மை வேலை செய்யாது. பலர் மாட்டை முதலில் வாங்கிவிடுகிறார்கள். புல் தேடி அலைகிறார்கள், கிடைக்காதபோது மரத்தின் இலையை ஒடித்துப் போடுகிறார்கள், சாணத்தை வாசலில் குவித்து வைக்கிறார்கள். இரண்டாம் ஆண்டில் மாடும் மெலிந்து, மரமும் காய்க்காமல், விற்றுவிட்டு வேறு வேலை பார்க்கலாம் என்ற நிலைக்கு வந்துவிடுகிறார்கள்.

புல் நட்டால் 75 நாளில் அறுவடைக்கு வரும். பழமரம் காய்க்க 2 முதல் 5 ஆண்டு ஆகும். மாடு வந்த அன்றே தின்னும். ஆகவே நீர், புல், மரம், மாடு என்பதுதான் வரிசை. கீழே உள்ள கணக்குகள் 2 ஏக்கர் இறவை நிலம், 2 கறவைப் பசு, ஒரு கிடேரிக்கன்று என்ற அளவுக்கானவை. வெப்பமண்டல நிலங்களுக்குப் பொருந்தும். உங்கள் நிலம் ஒரு ஏக்கர் என்றால் எல்லாவற்றையும் பாதியாக்கிக்கொள்ளுங்கள், மாட்டின் எண்ணிக்கையையும் சேர்த்து.

படி 1: மாட்டின் வயிற்றிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள்

நிலத்தை எப்படிப் பிரிப்பது என்பதை மாடு ஒரு நாளில் தின்னும் அளவுதான் முடிவு செய்கிறது. பச்சைப்புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். அதனால் எடையை நம்பாமல் உலர் எடையை நம்ப வேண்டும். 400 கிலோ எடையுள்ள பசு தன் எடையில் சுமார் 3 சதவீதம், அதாவது 12 கிலோ உலர் எடை தின்னும். நாளுக்கு 8 லிட்டர் கறக்கும் பசுவுக்கு இப்படிக் கொடுக்கலாம்:

- கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் 25 கிலோ (உலர் எடை 5 கிலோ)
- பயறு வகைத் தீவனம் அல்லது மரத்தழை 6 கிலோ (1.5 கிலோ)
- வைக்கோல் அல்லது சோளத்தட்டை 2.5 கிலோ (2.25 கிலோ)
- அடர்தீவனம் 3.5 கிலோ (3.15 கிலோ)
- தாது உப்புக் கலவை 40 கிராம், சாப்பாட்டு உப்பு 30 கிராம்

உடல் பராமரிப்புக்கு ஒன்றரை கிலோ, அதற்கு மேல் கறக்கும் ஒவ்வொரு இரண்டரை லிட்டருக்கும் ஒரு கிலோ என்பது அடர்தீவனத்துக்கான வழக்கமான கணக்கு. அந்தக் கணக்குப்படி 8 லிட்டர் மாட்டுக்கு 4.7 கிலோ வரும். நல்ல பயறு வகைத் தழை தினமும் 6 கிலோ கிடைத்தால் அதில் ஒரு கிலோவுக்குக் குறையாமல் மிச்சம் பிடிக்கலாம். இந்தப் பண்ணையின் லாபம் பெரும்பாலும் இந்த ஒரு கிலோவில்தான் இருக்கிறது. அதனால்தான் வேலியோரத் தழைமரங்களை அலங்காரமாக நினைக்கக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கிடேரியை அரை மாடாகக் கணக்கிட்டால் மொத்தம் இரண்டரை மாடு. நாளுக்கு 62 கிலோ புல், 15 கிலோ தழை தேவை. ஆண்டுக்கு ஏறக்குறைய 23 டன் புல், ஐந்தரை டன் தழை. நன்கு எரு போட்டு நீர் பாய்ச்சும் ஒட்டுப்புல் ஏக்கருக்கு ஆண்டுக்கு 100 டன் தரும். இதற்கு மேலும் எடுக்க முடியும். ஆனால் திட்டத்தை உச்ச விளைச்சலில் போடக் கூடாது. 25 சென்ட் புல் இருந்தால் 25 டன். கணக்கு சரியாக வருகிறது.

படி 2: நிலத்தைப் பிரிப்பது

200 சென்ட் நிலம் இப்படிப் பிரியும்:

- ஒட்டுப்புல்: 25 சென்ட், கிணற்றுக்கும் கொட்டகைக்கும் பக்கத்தில், மர நிழல் படாத இடம்
- வேலிமசால் (பயறு வகைத் தீவனச்செடி): 15 சென்ட்
- பருவத் தீவனம் (மக்காச்சோளம், தீவனச்சோளம், தட்டைப்பயறு): 15 சென்ட்
- கொட்டகை, எருக்குழி, வைக்கோல் போர்: 5 சென்ட்
- பழமரங்கள்: 140 சென்ட்
- தழை மரங்கள்: நான்கு வேலியிலும்

புல்லைக் கொட்டகைக்குப் பக்கத்தில் வைப்பதற்குக் காரணம் உண்டு. தினமும் 60 கிலோவுக்கு மேல் சுமக்க வேண்டும். 200 மீட்டர் தள்ளி வைத்தால் மூன்றே மாதத்தில் சலிப்பு வந்து, அறுக்க வேண்டிய நாளில் அறுக்காமல் விடுவீர்கள். முற்றிய புல்லை மாடு தின்னாது. கொட்டகை புல்வயலைவிடச் சற்று மேடாக இருந்தால் கழுவிய நீரும் சிறுநீரும் தானாகவே வாய்க்காலில் ஓடிப் புல்லுக்குப் போகும். அதற்கென ஆள் வேண்டாம், பம்பும் வேண்டாம்.

மாட்டைத் தோட்டத்துக்குள் மேயவிடக் கூடாது. அது கொம்பால் உரசிப் பட்டையைக் கிழிக்கும், எட்டும் உயரத்திலுள்ள கொழுந்தை எல்லாம் கடிக்கும், ஈரமண்ணை மிதித்து இறுக்கும். இறுகிய மண்ணில் எலுமிச்சை, மாதுளை போன்றவற்றின் மேல்வேர்கள் மூச்சுத் திணறும். இந்த முறை முழுவதும் அறுத்துக் கொண்டுவந்து போடும் முறைதான்.

படி 3: புல் நடவு

நிலத்தை இரண்டு மூன்று சால் உழுது, ஏக்கருக்கு 10 டன் என்ற கணக்கில் 25 சென்ட்டுக்கு இரண்டரை டன் மக்கிய தொழு எரு போடுங்கள். 60 செ.மீ. இடைவெளியில் பார் பிடித்து, பாரின் பக்கவாட்டில் 50 செ.மீ.க்கு ஒரு கரணை (தண்டுத் துண்டு). கரணையில் இரண்டு கணு இருக்க வேண்டும். ஒன்று மண்ணுக்குள், ஒன்று மேலே. 25 சென்ட்டுக்கு சுமார் 3,400 கரணைகள் பிடிக்கும். கோ-4, கோ-5 போன்ற ஒட்டு வகைகளில் இலை அதிகம், சுணை குறைவு. மாடு மிச்சம் வைக்காது.

நட்ட அன்றும் மூன்றாம் நாளும் தண்ணீர், பிறகு 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை. முதல் மாதத்தில் ஒரு களையெடுப்பு கட்டாயம். அதன் பிறகு புல்லே களையை அமுக்கிவிடும். முதல் அறுவடை 75 முதல் 80 நாளில். அதன்பின் 45 நாளுக்கு ஒருமுறை. தரையோடு ஒட்ட அறுத்தால் குருத்து அழுகும், மிக உயரமாக விட்டால் கட்டைத் தட்டைகள் சேர்ந்து தூர் மெலியும். 10 முதல் 15 செ.மீ. சரியான உயரம்.

வயலை 45 கீற்றுகளாகக் குறித்துக்கொள்ளுங்கள். 25 சென்ட் என்பது சுமார் 1,010 சதுர மீட்டர். ஒரு கீற்று 22 சதுர மீட்டர். ஒரு நாளைக்கு ஒரு கீற்று. அதில் 60 முதல் 70 கிலோ கிடைக்கும், அன்றைய தேவை அவ்வளவுதான். கடைசிக் கீற்று முடியும்போது முதல் கீற்று மீண்டும் தயார். நடவையும் ஒரே நாளில் முடிக்காமல் நான்கு வாரத்துக்குப் பிரித்து நட்டால் இந்தச் சுழற்சி தானாக அமையும்.

அறுத்த கீற்றுக்கு அடுத்த நாளே நீர்த்த சாணக்கரைசலும் சிறுநீரும் பாய வேண்டும். இதில் நடக்கும் தவறு மிகப் பொதுவானது. எருவை எல்லாம் "காசு தரும் மரத்துக்கு" என்று ஒதுக்கிவிட்டுப் புல்லைப் பட்டினி போடுகிறார்கள். ஒட்டுப்புல் ஆண்டு முழுவதும் தழைச்சத்தையும் சாம்பல்சத்தையும் பெருமளவில் மண்ணிலிருந்து உறிஞ்சி எடுக்கும் பயிர். திருப்பிக் கொடுக்காவிட்டால் இரண்டாம் ஆண்டிலேயே தூர் நடுவில் பொக்கையாகும், இலை மஞ்சளாகும், விளைச்சல் பாதியாகும். அப்போது குறைவது எரு என்று தெரியாமல் வகை சரியில்லை என்று கரணையை மாற்றுவார்கள்.

படி 4: தழைப் பயிர்களும் வேலியும்

வேலிமசால் ஒருமுறை விதைத்தால் பல ஆண்டு நிற்கும். விதைத்தோல் கடினமானது. 80 பாகை செல்சியஸ் வெந்நீரில் 3 முதல் 4 நிமிடம் போட்டு எடுத்து, குளிர்ந்த நீரில் ஓர் இரவு ஊறவைத்து, நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டும். இதைச் செய்யாமல் விதைத்தவர்கள்தான் "முளைப்பே இல்லை" என்கிறார்கள். வரிசைக்கு வரிசை 50 செ.மீ., ஏக்கருக்கு 8 கிலோ, 15 சென்ட்டுக்கு ஒன்றேகால் கிலோ போதும். முதல் வெட்டு 90 நாளில், பிறகு 40 நாளுக்கு ஒருமுறை, தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில்.

வேலியில் அகத்தி, சவுண்டல், கிளைரிசிடியா மூன்றையும் கலந்து வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு.

அகத்தி வேகமாக வளரும், மாடு விரும்பித் தின்னும். ஆனால் அடியோடு வெட்டினால் செத்துப்போகும். நட்ட 8 மாதத்தில் முதல் அறுவடை, பிறகு 60 முதல் 80 நாள் இடைவெளி. பக்கக் கிளைகளை மட்டும் எடுங்கள், உச்சியையும் தண்டையும் தொடாதீர்கள்.

சவுண்டலை 90 முதல் 100 செ.மீ. உயரத்தில் வெட்டினால் குத்தாகத் தழையும். அதில் மைமோசின் என்ற நச்சு உண்டு. மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் மயிர் உதிரும், எச்சில் வடியும், தைராய்டு வீங்கும். காய்க்கவிட்டு விதை சிதறினால் தோட்டம் முழுக்கக் களையாக முளைக்கும். பூக்கும்போதே வெட்டிவிட வேண்டும்.

கிளைரிசிடியாவின் பச்சை வாசத்தை மாடு முதலில் ஏற்காது. சில மணி நேரம் வாட வைத்து, நறுக்கிய புல்லோடு கலந்து, சிறிதளவில் தொடங்கிப் பழக்கினால் ஓரிரு வாரத்தில் தின்னத் தொடங்கும். மாடு ஒதுக்கிய குச்சியும் தழையும் மரத்துக்கு நல்ல மூடாக்கு.

படி 5: பழமரங்களும் இடைவெளியும்

140 சென்ட்டில் 6 × 6 மீட்டர் இடைவெளியில் கொய்யா, எலுமிச்சை, நெல்லி என்றால் சுமார் 155 மரம். 8 × 8 மீட்டரில் சப்போட்டா என்றால் 88. மா 10 × 10 என்றால் 56. ஒரே வகையை வைக்காமல் அறுவடைக் காலம் வேறுபடும் இரண்டு மூன்று வகைகளை வைப்பது நல்லது. அதற்கு விற்பனை மட்டும் காரணமல்ல. பால் கறப்பது, புல் அறுப்பது என்ற அன்றாட வேலையோடு 150 மரத்தின் காய்பறிப்பு ஒரே வாரத்தில் வந்து விழுந்தால் ஒரு குடும்பத்தால் தாங்க முடியாது.

சமநிலத்தில் வரிசையைக் கிழக்கு மேற்காகப் போடுங்கள். நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள பகுதிகளில் நிழல் பெரும்பாலும் வரிசையின் மேலேயே விழுந்து, இடைவெளிக்கு வெயில் கிடைக்கும். சரிவான நிலமென்றால் திசையை மறந்து சமமட்டக் கோட்டில் நடுங்கள். அங்கே மண் அரிப்புதான் பெரிய எதிரி.

மரங்களுக்கு நடுவே என்ன விதைப்பது என்பது மரத்தின் வயதைப் பொறுத்தது.

முதல் மூன்று ஆண்டுகளில் செடியைச் சுற்றி ஒரு மீட்டர் வட்டம் வெறுமையாக இருக்கட்டும், மூடாக்கு மட்டும் போடுங்கள். அதற்கு வெளியே தட்டைப்பயறு, முயல் மசால், குறுகிய காலத் தீவனச்சோளம் ஆகியவை நன்றாக வரும். உயரமாக வளரும் சோளமும் மக்காச்சோளமும் கன்றிலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். கொடியோடும் தட்டைப்பயறு வகைகள் கன்றின் மேல் ஏறிச் சுற்றிவிடும், குத்து வகையாகப் பார்த்து விதையுங்கள். கொய்யாத் தோட்டத்தில் இன்னொரு எச்சரிக்கை. வேரைப் பிடுங்கிப் பார்த்து முடிச்சுகள் இருந்தால் அங்கே வேர்முடிச்சு நூற்புழு இருக்கிறது. தட்டைப்பயறும் அதற்கு உணவு. அந்த இடத்தில் பயறு விதைத்தால் புழுவைப் பெருக்கி மரத்துக்குக் கொடுத்ததாகிவிடும்.

நான்காம் ஆண்டிலிருந்து நிழல் கூடும். அப்போது கினியாப்புல்லே பொருத்தம். பகுதி நிழலைத் தாங்கி வளரும், விளைச்சல் குறைந்தாலும் நிற்கும். மரத்திலிருந்து 2 மீட்டர் விட்டு நடுக்கீற்றில் மட்டும் நடுங்கள். முழு நிழல் விழுந்த பிறகு தீவன ஆசையை விட்டுவிட்டு, இலைச்சருகையும் மாடு தின்னாத தட்டையையும் மூடாக்காகப் போடுவதே சரி.

ஒட்டுப்புல்லை மர இடைவெளியில் நடலாமா என்ற கேள்வி எப்போதும் வரும். எங்கள் முடிவு: வேண்டாம். அதன் வேர் அடர்த்தியாகப் பரவி, மரத்துக்குப் போட்ட எருவையும் நீரையும் முந்திக்கொண்டு எடுக்கும். வேறு இடமே இல்லை என்றால் 8 மீட்டருக்கு மேற்பட்ட இடைவெளியில் நடுவே 3 மீட்டர் கீற்று மட்டும், அதற்குத் தனி எருவோடு. புல்வயலின் ஓரம் மரவரிசையைத் தொடும் இடத்தில் 45 முதல் 60 செ.மீ. ஆழத்துக்கு ஒரு பள்ளவாய்க்கால் எடுத்து வேரை ஆண்டுக்கு ஒருமுறை அறுத்துவிடுங்கள்.

படி 6: இரண்டு தண்ணீர்க் கோடுகள்

இந்த இணைப்பில் மிக அதிகமான விளைச்சல் இழப்பு இங்கேதான் நடக்கிறது. ஆனால் அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. புல்லுக்கு ஆண்டு முழுவதும் ஈரம் வேண்டும். மா மரத்துக்கோ பூக்கும் முன் இரண்டு மூன்று மாதம் நீரில்லாத காய்ச்சல் வேண்டும், எலுமிச்சையும் கொய்யாவும் கூட ஓய்வுக்குப் பிறகே ஒன்றுசேர்ந்து பூக்கும். ஒரே வாய்க்காலில் இரண்டுக்கும் நீர் பாய்ச்சினால் மரம் துளிர்த்துக்கொண்டே இருக்கும், பூக்காது. பச்சைப்பசேல் என்று இருக்கிறதே என்று மனம் மகிழும்போது காய் இல்லாமல் போகும். எலுமிச்சையின் அடித்தண்டில் எப்போதும் ஈரம் நின்றால் பட்டை அழுகிப் பிசின் வடியத் தொடங்கும்.

எனவே மரத்துக்குச் சொட்டுநீர், புல்லுக்கு வாய்க்கால் அல்லது தெளிப்பான், இரண்டுக்கும் தனித்தனி வால்வு. சாணக்கரைசலுக்கும் இதே விதி. பூக்கும் முந்தைய மூன்று மாதம் மா மரத்துக்குக் கரைசல் கொடுக்காதீர்கள், தழைச்சத்து சேர்ந்து கொழுந்தாக ஓடும். அந்த மாதங்களில் வரும் கரைசல் முழுவதும் புல்லுக்கும் வேலிமசாலுக்கும் போகட்டும். காய்பறிப்பு முடிந்து கவாத்து செய்தவுடன் மரத்தின் முறை வரும்.

நீர் இருப்பைக் கணக்கிடும்போது மாட்டையும் சேருங்கள். குடிக்க, கழுவ, கொட்டகை சுத்தம் செய்ய ஒரு மாட்டுக்கு நாளுக்கு 80 முதல் 100 லிட்டர்.

படி 7: கொட்டகையும் எருவும்

வெப்பப் பகுதியில் கொட்டகையின் நீளம் கிழக்கு மேற்காக இருந்தால் உள்ளே வெயில் குறைவாக விழும். ஒரு மாடு நிற்க 1.7 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம். தரை வழுக்காமல் இருக்க வேண்டும், பின்புறம் 40 பங்குக்கு ஒரு பங்கு சரிவு, கடைசியில் கால்வாய், அதன் முனையில் சிறுநீர்த் தொட்டி. இந்தத் தொட்டியை விடாதீர்கள். மாடு வெளியேற்றும் சாம்பல்சத்தில் பெரும்பகுதியும் தழைச்சத்தில் ஏறக்குறைய பாதியும் சிறுநீரில்தான் போகின்றன. மண்தரையில் ஊறவிட்டால் ஈயும் வாடையும்தான் மிச்சம். ஐந்து முதல் பத்து மடங்கு நீரில் கலந்து புல்லுக்கு விடுங்கள். கலக்காமல் விட்டால் வேர் கருகும்.

இரண்டரை மாட்டிலிருந்து நாளுக்கு ஏறக்குறைய 40 கிலோ சாணம், ஆண்டுக்கு 14 முதல் 15 டன். மக்கும்போது பாதியாகக் குறைந்து, கூளமும் சேர்த்து 7 முதல் 8 டன் எரு கிடைக்கும். தேவையைக் கூட்டுவோம்: புல்லுக்கு இரண்டரை டன், வேலிமசாலுக்கு முக்கால் டன், பருவத் தீவனத்துக்கு ஒரு டன், 150 கொய்யாவுக்கு மரத்துக்கு 25 கிலோ வீதம் மூன்றேமுக்கால் டன். மொத்தம் 8 டன். கிடைப்பதும் தேவையும் ஏறக்குறைய சமம், மிச்சம் எதுவும் இல்லை. ஆகவே ஒரு வண்டி எருவைக் கூட வெளியே விற்கக் கூடாது. மண்பரிசோதனையில் குறையும் சத்தை மட்டும் உரமாக வாங்கினால் போதும்.

சாண எரிவாயுக் கலன் வைத்தால் ஒரு கன மீட்டர் வாயுவுக்கு 25 கிலோ சாணம் என்பது கணக்கு. 40 கிலோவுக்கு ஒன்றரை கன மீட்டர் வரை வாயு கிடைக்கும். சத்து குறையாமல் கரைசலும் கிடைப்பதால் அடுப்பையும் புல்லையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும்.

பச்சைச் சாணத்தை நேராக மரத்தடியில் கொட்டாதீர்கள். கரையானும் வேர்ப்புழுவும் வரும், மாடு தின்ற களைவிதைகள் முளைக்கும். தென்னை இருக்கும் தோட்டமென்றால் காண்டாமிருக வண்டு எருக்குழியில்தான் முட்டையிடும். குழியை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கிளறிப் புழுக்களைப் பொறுக்குங்கள், மெட்டாரைசியம் பூஞ்சாணத்தைக் கலந்து வைக்கலாம். எருவைத் தண்டிலிருந்து தள்ளி, கிளைப்பரப்பின் விளிம்புக்குக் கீழே வட்டப் பள்ளம் எடுத்துப் போட்டு மூடுங்கள். உறிஞ்சும் வேர்கள் அங்கேதான்.

படி 8: கோடைக்கு ஊறுகாய்ப்புல்

ஊறுகாய்ப்புல் (சைலேஜ்) என்பது பசுந்தீவனத்தைக் காற்றுப் புகாத குழியில் புளிக்கவைத்துச் சேமிப்பது. மூன்று மாத வறட்சியில் புல் பாதியாகக் குறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 62 கிலோவில் பாதி, 90 நாளுக்கு ஏறக்குறைய 2.8 டன். 3 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழமுள்ள குழியில் கன மீட்டருக்கு 550 கிலோ வீதம் இந்த அளவு அடங்கும். பருவத் தீவனத்துக்கு ஒதுக்கிய 15 சென்ட்டில் விளையும் மக்காச்சோளமும், மழைக்காலத்தில் மிஞ்சும் ஒட்டுப்புல்லும் இதற்குப் போதும்.

மக்காச்சோள மணி பால் முற்றிப் பிசுபிசுக்கும் பருவத்தில் வெட்டி, 2 முதல் 3 செ.மீ. துண்டாக நறுக்குங்கள். ஒரு கைப்பிடி எடுத்து இறுகப் பிழிந்து விடுங்கள். உருண்டை மெல்ல விரிய வேண்டும், விரலிடுக்கில் நீர் சொட்டக் கூடாது. சொட்டினால் அரை நாள் வாடவிடுங்கள். ஒட்டுப்புல்லில் ஈரம் அதிகம், இனிப்பு குறைவு. அதைக் கட்டாயம் வாடவைத்து, 100 கிலோவுக்கு 2 முதல் 3 கிலோ வெல்லப்பாகு நீரில் கரைத்துத் தெளிக்க வேண்டும். ஒரு சாண் உயரத்துக்கு ஒருமுறை ஏறி மிதித்துக் காற்றை வெளியேற்றி, இரண்டு நாளுக்குள் குழியை நிரப்பி, கனமான பாலித்தீன் தாள் போட்டு மேலே மண் ஏற்றி மூடுங்கள். 45 நாள் கழித்துத் திறந்தால் பொன்பச்சை நிறமும் புளிப்பு வாசமும் இருக்கும். கரும்பழுப்பும் அழுகல் நாற்றமும் இருந்தால் ஈரம் அதிகம். வெண்பூசணம் இருந்தால் காற்று நுழைந்திருக்கிறது. பூசணம் பிடித்த பகுதியைச் சினைமாட்டுக்குக் கொஞ்சமும் கொடுக்காதீர்கள்.

வைக்கோல்தான் அதிகம் கிடைக்கிறது என்றால் 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50 முதல் 60 லிட்டர் நீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடி வைத்துப் பதப்படுத்தலாம். பிரித்து ஒரு மணி நேரம் ஆறவிட்ட பிறகே போடுங்கள். ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுக்கு வேண்டாம்.

படி 9: மாடு வருவது இப்போதுதான்

புல் இரண்டாவது அறுவடையைத் தாண்டி, வேலிமசால் முதல் வெட்டுக்கு வந்த பிறகு முதல் மாட்டை வாங்குங்கள். இரண்டாவது மாடு ஆறு மாதம் கழித்து. அப்படி வாங்கினால் இரண்டும் வெவ்வேறு காலத்தில் ஈனும். ஒன்று 60 நாள் வற்றுக்காலத்தில் இருக்கும்போது மற்றது கறக்கும். வீட்டுச் செலவுக்குத் தினப்பால் நிற்காது.

தோட்டக் கழிவைத் தீவனமாக்கும்போது

பழத்தோட்டம் மாட்டுக்குத் தரும் பெரிய உதவி உதிர்ந்த, அடிபட்ட, விலைபோகாத காய்கனிகள். கொய்யா, மாவில் உதிர்ந்ததைத் தினமும் பொறுக்கினால் பழ ஈயின் புழு மண்ணுக்குள் போகும் முன்பே தடுக்கப்படும், அடுத்த தலைமுறை ஈ குறையும். ஆனால் மூன்று விதிகள் உண்டு.

முழுப் பழமாகப் போடாதீர்கள். எலுமிச்சை, கொய்யா, சிறு மாங்காய் தொண்டையில் சிக்கினால் மாடு ஏப்பம் விட முடியாமல் ஒரு மணி நேரத்துக்குள் வயிறு உப்பிச் சாகலாம். நான்காக நறுக்குங்கள், மாங்கொட்டையை எடுத்துவிடுங்கள். சிக்கிவிட்டால் கையைவிட்டுத் தள்ள முயலாமல் உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

அளவு: அரைக் கிலோவில் தொடங்கி ஒரு வாரத்தில் ஏற்றி, ஒரு மாட்டுக்கு நாளுக்கு 3 முதல் 5 கிலோவோடு நிறுத்துங்கள். வைக்கோலோ புல்லோ தின்ற பிறகுதான் கொடுக்க வேண்டும். பழச்சர்க்கரை ஒரேயடியாகச் சேர்ந்தால் அசையிரைப்பையில் அமிலம் பெருகி, மாடு தீனி எடுக்காமல், புளித்த வாடையோடு கழிந்து, நடக்கத் தடுமாறும். பலாக்காலத்தில் இந்தச் சாவுகள் அதிகம், கட்டவிழ்ந்த மாடு ஒரே நேரத்தில் வயிறு முட்டத் தின்றுவிடுவதால். விழுந்த பலாவை அன்றே அகற்றுங்கள்.

வாழைத்தண்டு 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். நறுக்கி, வைக்கோலோடு கலந்து, நாளுக்கு 10 கிலோ வரை கொடுக்கலாம். அதைப் புல்லுக்கு மாற்று என்று நினைத்தால் பால் குறையும். மா இலையைத் தீவனமாகவே கருதாதீர்கள். வாசம் கூடிய பழக்கழிவு எதுவானாலும் கறந்த பிறகு போடுங்கள், பாலில் வாசம் ஏறாது.

மருந்து தெளித்த மரத்தின் கீழுள்ள புல்லையும் உதிர்ந்த பழத்தையும் மருந்தின் காத்திருப்புக் காலம் முடியும்வரை தொடக் கூடாது. தின்றால் மருந்தின் எச்சம் பாலில் வரும், அந்தப் பாலை முதலில் குடிப்பது வீட்டுக் குழந்தைகள். தெளிப்பு நாளுக்கு முந்தைய நாளே இடைக்கீற்றிலுள்ள புல்லை அறுத்து எடுத்துவிட்டால் சிக்கல் பாதி தீர்ந்தது. போர்டோக் கலவை தெளித்த இடத்தில் ஆடுகளை, குறிப்பாகச் செம்மறிகளை விடாதீர்கள். செம்புச்சத்து அவற்றின் ஈரலில் சேர்ந்து கொல்லும்.

எதைப் பார்த்தால் எதைச் சந்தேகிப்பது

மாடு திடீரென மூச்சுத் திணறி, ஈறு பழுப்பாகத் தெரிந்தால் நைட்ரேட் நச்சு. யூரியாவோ கரைசலோ அதிகம் பாய்ந்த புல்லை, வறட்சிக்குப் பிறகு பெய்த மழையில் வளர்ந்த குருத்தோடு அறுத்துப் போட்டிருப்பீர்கள். கரைசல் விட்டபின் மூன்று வாரத்துக்குள் அறுக்க வேண்டாம்.

சோளத் தழை தின்ற அரை மணி நேரத்தில் விழுந்து துடித்தால், ரத்தம் பளிச்சென்ற சிவப்பாக இருந்தால், சயனைடு. பூக்காத இளஞ்சோளமும், வாடி நின்ற சோளமும், மறுதாம்புத் துளிரும் ஆபத்தானவை. மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டிய விவரம் இதுதான், மாற்றுமருந்து உண்டு, நேரம்தான் இல்லை.

இடது வயிறு முரசுபோல் உப்பினால், பனியோடு அறுத்த தட்டைப்பயறோ குதிரை மசாலோ காரணம். வாடவைத்து, வைக்கோலுக்குப் பின் கொடுத்தால் வராது.

புல் நிறையத் தின்றும் ஈன்ற பின் மாடு எழ முடியாமல் படுத்தால் சுண்ணாம்புச்சத்துக் குறைவு. ஒட்டுப்புல்லில், அதிலும் 30 நாள் தாண்டாத இளம்புல்லில், ஆக்சலேட் அதிகம். அது சுண்ணாம்பைக் கட்டிப்போடும். உலர் எடையில் புல் சுமார் மூன்று பங்குக்குத் தழை ஒரு பங்கு என்ற கலவையும் தாது உப்பும் இதற்காகத்தான். படுத்த மாட்டுக்கு மருத்துவர் நரம்பில் ஏற்றும் கால்சியம் தேவை, வாய்வழி எதையும் ஊற்றாதீர்கள்.

மரம் கொழுந்தாக ஓடிக் காய்க்காவிட்டால் முதலில் வால்வைப் பாருங்கள், பிறகு கரைசல் போன தேதியைப் பாருங்கள். பால் மெல்ல மெல்லக் குறைந்தால் அறுக்கும் புல்லின் வயதைப் பாருங்கள். 60 நாளைத் தாண்டிய புல் எடை காட்டும், பால் காட்டாது.

மூன்றாவது மாடு எப்போது

கிடேரி சினையாகும் நேரத்தில் இந்தக் கேள்வி வரும். கோடையின் கடைசி வாரத்தில் குழியில் ஊறுகாய்ப்புல் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். தொடர்ந்து இரண்டு கோடையில் அரை டன்னாவது மிஞ்சியிருந்தால், இன்னும் 6 சென்ட் புல்லுக்கு இடமும் நீரும் இருந்தால், கிடேரியை முழுக் கறவையாக வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் அதைச் சினையோடு விற்றுவிட்டு அடுத்த கன்றை வளருங்கள். புல் விலைக்கு வாங்கி மூன்றாவது மாட்டை வைத்தால், மூன்று மாட்டின் பாலும் அந்தப் புல்லுக்கே போய்விடும்.